கடைசியிலதான் கலரு பாஸ்!

சிம்போசியம் சீசன் வந்தாச்சு. ஸ்பான்சர் பிடிக்க ஒரு குரூப், ஓ.டி. வாங்க ஒரு குரூப், வாங்கின ஓ.டி.யில தூங்க ஒரு குரூப்னு டிபார்ட்மென்ட்டே செம பிஸி. அப்போதான் யாராவது ஒருத்தர் கொளுத்திப் போடுவார். ‘மச்சி, இந்த வருஷம் டி-ஷர்ட்ல வெறும் டிபார்ட்மென்ட் பேரு வேணாம்டா. கெத்தா ஒரு கேரக்டர் வேணும். நீதான் ரெக்கார்ட் நோட்டுல டயக்ராம் சூப்பரா போடுவியே!’

அவ்ளோதான். உங்க தலையில கிரீடம், கையில லேப்டாப். கெடு நாலே நாலு நாள்!

உடனே நாம என்ன பண்ணுவோம்? சாஃப்ட்வேரைத் திறந்து, முதல்ல ஒரு கண்ணு வரைவோம். அதுக்கு இமை, இமைக்கு முடி, கருவிழிக்குள்ள ஒரு பளபளப்பு. ராத்திரி ரெண்டு மணிக்குப் பார்த்தா கண்ணு மட்டும் அட்டகாசமா இருக்கும். அதைச் சுத்தி முகம் எங்கே, அந்த முகத்துக்குக் கீழே உடம்பு எங்கேன்னு யாருக்கும் தெரியாது!

டிஜிட்டல்ல ஒரு கேரக்டரை வரையறதுக்குன்னு ஒரு வரிசை இருக்கு. ஓவியர்கள் சும்மா ஸ்டைலுக்காக அந்த வரிசையில போறதில்லை. ஒவ்வொரு ஸ்டேஜும் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும். அந்தப் பதில் கிடைச்ச பிறகுதான் அடுத்த ஸ்டேஜ். சிவில் மக்களுக்கு இது ஈஸியா புரியும். பிளான்ல ஒரு தூணைத் தள்ளி வைக்க ரப்பர் போதும். கான்கிரீட் போட்ட பிறகு தள்ளணும்னா ஜே.சி.பி. வேணும். ஓவியமும் அப்படித்தான். கலர் அடிக்கிறதுதான் கான்கிரீட்!

சரி, உதாரணத்துக்கு ஒரு கேரக்டரை எடுத்துக்குவோம். ரோபோ, சிங்கம், ஹெல்மெட் போட்ட மண்டை ஓடு எல்லாம் பக்கத்து காலேஜ்காரங்க ஏற்கெனவே போட்டு முடிச்சுட்டாங்க. நாம போடப்போறது நம்ம கேன்டீன் டீ மாஸ்டர்!

ஸ்டேஜ் 1: யார் இவர்?

கம்ப்யூட்டரை ஆன் பண்ணாதீங்க. ஒரு பேப்பர் எடுங்க. அஞ்சே வரி எழுதுங்க. இவர் யாரு? என்ன பண்றார்? என்ன மூடுல இருக்கார்? படம் எங்கே வரப்போகுது? யார் பார்க்கப்போறாங்க?

நாலாவது கேள்விதான் ரொம்ப முக்கியம். டி-ஷர்ட்டுல ஸ்கிரீன் பிரின்ட்டிங்னா, ஒவ்வொரு கலருக்கும் தனித்தனியா ஒரு ஸ்கிரீன் தயார் பண்ணணும். கலர் கூடக் கூட செலவும் கூடும். கறுப்பு டி-ஷர்ட்டா இருந்தா, மத்த கலர் எடுப்பா தெரியறதுக்கு அடியில வெள்ளை ஒரு கோட் வேற போட்டாகணும். அதனால, ‘நாலு கலர்தான்’னு முதல் நாளே முடிவெடுத்துட்டா, கடைசி நாள் பிரின்ட்டிங் கடையில நின்னு முழிக்க வேண்டாம்.

அடுத்து, போய்ப் பாருங்க. கூகுள்ல இல்லை, கேன்டீன்ல! அவர் டீ ஆத்தும்போது மேல் கை எவ்வளவு உயரம் போகுது? அப்போ பார்வை கிளாஸ்ல இருக்கா, கூட்டத்துல இருக்கா? துண்டு எந்தத் தோள்ல? லுங்கியா, பேன்ட்டா? உடம்பு எந்தப் பக்கம் சாயுது? பத்து நிமிஷம் நின்னு பார்த்தா, பத்து வெப்சைட் தராத விஷயம் கிடைக்கும். கூடவே ஒரு டீயும் கிடைக்கும்.

அவர்கிட்ட பர்மிஷன் கேக்கறதும் இந்த ஸ்டேஜ்லதான். நான் எங்க கேன்டீன் அண்ணன்கிட்ட, ‘அண்ணே, உங்களை டி-ஷர்ட்டுல போடலாமாண்ணே?’ன்னு கேட்டேன். ஆத்திக்கிட்டு இருந்த டீயை நிறுத்தாமலே சிரிச்சார். அப்புறம் ஒண்ணே ஒண்ணு சொன்னார். ‘போடுங்க தம்பி. ஆனா அழுக்குத் துண்டு மட்டும் போட்டுடாதீங்க. எல்லாரும் டீக்கடைக்காரன்னா அப்படித்தான் வரையறாங்க. நான் தெனமும் துவைச்ச துண்டுதான் போடுறேன்.’

யோசிச்சுப் பாருங்க. அவர் சொல்லலைன்னா அந்தத் துண்டுல நம்ம கை தானாவே நாலு கறை போட்டிருக்கும். காமெடிக்குன்னு ஒரு தொப்பையும் வந்திருக்கும். அவர் மூஞ்சியை மாட்டிக்கிட்டு ஒரு டிபார்ட்மென்ட்டே சுத்தப்போகுது. அவரும் தினமும் அதைப் பார்த்துக்கிட்டேதான் டீ போடப்போறார். கேரக்டர்னா வெறும் மூக்கும் முழியும் இல்லை. அந்த ஆளைப் பத்தி நாம என்ன நினைக்கிறோம்கிறதும் அதுல சேர்ந்துதான் வரும்.

ஸ்டேஜ் 2: தீப்பெட்டி சைஸ் படங்கள்

இதுக்கு தம்ப்நெயில்னு பேரு. தீப்பெட்டி சைஸ்ல ஒரு பத்துப் பன்னிரண்டு குட்டிப் படம். ஒண்ணுக்கு ரெண்டு நிமிஷத்துக்கு மேல செலவு பண்ணாதீங்க. கண்ணு, மூக்கு, விரல் எதுவும் கிடையாது. போஸ் மட்டும்.

இங்கே ஒரு சூப்பர் டெஸ்ட் இருக்கு. ஒவ்வொரு குட்டிப் படத்தையும் உள்ளே முழுக்கக் கறுப்பாக்குங்க. வெறும் நிழல் மாதிரி ஆகிடும். இதுதான் சில்லவுட். அந்த நிழலைப் பார்த்தே ‘டீ மாஸ்டர்’னு சொல்ல முடியுதா? நெஞ்சுக்கு நேரா ரெண்டு கையையும் வெச்சு ஆத்தினா, கறுப்பாக்கினதும் கை உடம்போட கலந்து காணாமப் போயிடும். ஒரு கை தலைக்கு மேலே, இன்னொரு கை இடுப்புக்குக் கீழே, நடுவுல டீ ஒரு கயிறு மாதிரி இறங்குதுன்னு வெச்சுப் பாருங்க. கறுப்பு நிழல்லயே ஆளு யாருன்னு தெரியும்!

நல்ல கேரக்டர்கள் எல்லாமே இந்த டெஸ்ட்ல பாஸ் ஆகும். ஆர்.கே.லக்ஷ்மண் 1951-ல வரைய ஆரம்பிச்ச ‘காமன் மேன்’ ஞாபகம் இருக்கா? வழுக்கைத் தலையில பின்னாடி கொஞ்சம் முடி, கண்ணாடி, கட்டம் போட்ட கோட்டு, வேட்டி. அவரைப் பின்னாலிருந்து காட்டினாலும் கண்டுபிடிச்சுடுவீங்க. மிக்கி மவுஸுக்கு மூணு வட்டமே போதும்.

இன்னொரு விஷயம், ஆக்‌ஷன் லைன். தலையிலிருந்து கால் வரைக்கும் போஸ் மொத்தத்தையும் ஒரே வளைவுல சொல்லணும். குச்சி மாதிரி நேரா நின்னா, அது ஐ.டி. கார்டு போட்டோ. லேசா ‘சி’ எழுத்து மாதிரி வளைஞ்சா, அது டீ ஆத்துற மனுஷன்.

பன்னிரண்டுல மூணைத் தேர்ந்தெடுத்து, நண்பர்கள்கிட்ட காட்டுங்க. ‘எப்படி இருக்கு?’ன்னு கேக்காதீங்க, ‘சூப்பர் மச்சி’ன்னுதான் வரும். ‘இது யாரு?’ன்னு கேளுங்க. அதுக்கு வர்ற பதில்தான் உங்க ரிசல்ட்.

ஸ்டேஜ் 3: கேன்வாஸும் ஒரு குட்டிக் கணக்கும்

இப்போ லேப்டாப்பைத் திறக்கலாம். சாஃப்ட்வேருக்குக் காசு இல்லைன்னு சாக்கு சொல்ல முடியாது. கிரிட்டா முழுக்க இலவசம், ஓப்பன் சோர்ஸ். பெயின்ட்டிங்குக்குன்னே செஞ்சது. செல்போன்ல வரையறவங்களுக்கு ஐபிஸ் பெயின்ட் இருக்கு. பென் டேப்லெட் இருந்தா வசதி. மவுஸ் மட்டும்தான்னா, பேப்பர்ல வரைஞ்சு போட்டோ எடுத்து உள்ளே கொண்டுவந்து, இங்க்ஸ்கேப் மாதிரி வெக்டர் சாஃப்ட்வேர்ல கோடு போடலாம். அதுவும் இலவசம்தான்.

அச்சுக்கு 300 டி.பி.ஐ. வேணும்னு சொல்வாங்க. அதாவது ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி. ஏ4 சைஸுக்குக் கணக்குப் போட்டா 2480-க்கு 3508 பிக்ஸல். மொத்தம் சுமார் 87 லட்சம் பிக்ஸல். சாதாரண 8 பிட் படத்துல ஒவ்வொரு பிக்ஸலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம், டிரான்ஸ்பரன்ஸின்னு 4 பைட். அப்போ முழுசா நிரம்பின ஒரு லேயருக்கே சுமார் 35 எம்.பி. மெமரி. 20 லேயர் போட்டா 700 எம்.பி. ஏ3-க்குப் போனா அதுவும் டபுள். 4 ஜி.பி. ராம் லேப்டாப் ஏன் முனகுதுன்னு இப்போ புரியுதா? பிரவுசர்ல திறந்து வெச்ச முப்பது டேபையும் மூடிட்டு உக்காருங்க!

லேயர்னா என்னன்னு கேக்கறவங்களுக்கு: ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கின கண்ணாடித் தாள்கள். அந்தக் கால கார்ட்டூன் படங்கள்ல பின்னணி ஒரு தாள்ல, அதுக்கு மேலே செல்லுலாய்ட் ஷீட்ல கேரக்டர்னு பிரிச்சு வரைஞ்ச அதே ஐடியா. போட்டோஷாப்ல லேயர் வசதி வந்தது 1994-ல, மூணாவது வெர்ஷன்ல. ரஃப் ஒரு லேயர், கோடு ஒரு லேயர், கலர் ஒரு லேயர்னு பிரிச்சுட்டா, ஒண்ணுல கை வெச்சா இன்னொண்ணு கெடாது.

ஸ்டேஜ் 4: ரஃப் ஸ்கெட்ச்

செலக்ட் ஆன தம்ப்நெயிலைப் பெருசாக்கி, மங்கலாக்கி அடியில வைங்க. மேலே புது லேயர். இங்கே கேள்வி: ‘இந்த உடம்பு நிக்குமா?’

தலைக்கு முட்டை, நெஞ்சுக்கு ஒரு பெட்டி, இடுப்புக்கு ஒரு பெட்டி, கை காலுக்கு உருளை. இவ்வளவுதான். என்ஜினீயரிங் டிராயிங்ல சிலிண்டரைச் சாய்ச்சு வரைஞ்ச கொடுமை கடைசியில ஒரு நல்ல காரியத்துக்கு உதவுது பாருங்க!

சைஸுக்கு அளவுகோல், தலை. நிஜ மனுஷன் சுமார் ஏழரைத் தலை உயரம். கெத்தான ஹீரோவுக்கு எட்டு, அதுக்கு மேலயும் போகலாம். செல்லமான கார்ட்டூனுக்கு மூணு, நாலு. நம்ம மாஸ்டருக்கு அஞ்சு வைக்கலாம். பார்க்க ஜாலியா இருக்கும், பொம்மையாவும் ஆகாது.

வரையும்போது அடிக்கடி படத்தை இடம் வலமா திருப்பிப் பாருங்க. கிரிட்டாவுல ‘எம்’ கீயைத் தட்டினா போதும், கண்ணாடியில பார்க்கிற மாதிரி திரும்பிடும். ஒரே பக்கமா பார்த்துப் பழகின கண்ணுக்குத் தெரியாத கோணல் எல்லாம் அப்போ பளிச்சுனு தெரியும். ஒரு கண்ணு ஏறியிருக்கும், தாடை சாய்ஞ்சிருக்கும். இந்த ஸ்டேஜ்ல அதைச் சரி பண்ண ரெண்டு நிமிஷம். கலர் அடிச்ச பிறகு கண்டுபிடிச்சா ரெண்டு மணி நேரம். திரும்பத் திரும்ப நான் சொல்ற கான்கிரீட் கதை இதுதான்!

ஸ்டேஜ் 5: லைன் ஆர்ட்

ரஃப்பை மங்கலாக்கிட்டு, மேலே சுத்தமான கோடு. கோடு எல்லாம் ஒரே தடிமன்ல இருந்தா, படம் தட்டையா கலரிங் புக் மாதிரி இருக்கும். வெளிக்கோடு தடிமனா, உள்ளே சட்டை மடிப்பு மெலிசா போடுங்க. ஒரு பொருள் இன்னொண்ணு மேலே வர்ற இடத்துலயும், நிழல் விழுற இடத்துலயும் கோட்டைக் கொஞ்சம் தடிமனாக்குங்க. வேற எதுவும் செய்யாமலே ஆழம் வந்துடும்.

கை நடுங்குதா? பிரஷ்ல ஸ்டெபிலைசர்னு ஒண்ணு இருக்கு. உங்க நடுக்கத்தைச் சமன் பண்ணிக் கோட்டை வழவழன்னு ஆக்கும். நீளமான வளைவுகளை மணிக்கட்டால இழுக்காம தோள்லேருந்து இழுங்க. அப்புறம், துணியில மயிரிழைக் கோடுகள் அச்சுல காணாமப் போகும். அதனால படத்தை நிஜ சைஸ்ல ஒரு சாதாரண பிரின்ட் அவுட் எடுத்து, கை நீட்டுற தூரத்துல வெச்சுப் பாருங்க. கண்ணுக்குத் தெரியாத கோடு டி-ஷர்ட்டுலயும் தெரியாது.

ஸ்டேஜ் 6: ஃப்ளாட் கலர்... இங்கேதான் மேட்டரு!

கோட்டுக்கு அடியில புது லேயர் போட்டு, நிழல், வெளிச்சம் எதுவும் இல்லாம ஒவ்வொரு பகுதிக்கும் ஒரே கலர். சட்டைக்கு ஒரு லேயர், துண்டுக்கு ஒண்ணு, தோலுக்கு ஒண்ணு. கோட்டுல எங்கேயாவது இடைவெளி இருந்தா, பக்கெட் டூல்ல ஊத்தின கலர் ஓட்டைக் குடம் மாதிரி படம் முழுக்க ஒழுகும். முதல்ல அந்த ஓட்டையை அடைங்க.

சரி, மாஸ்டருக்கு என்ன கலர்? நிறைய பேர் இங்கே யோசிக்கிறதே இல்லை. கை தானா லைட் ரோஸ் பக்கம் போயிடும். ‘ஸ்கின் கலர்’னா அதுதான்னு சின்ன வயசு கிரேயான் பெட்டியிலிருந்தே பழகியாச்சு. அமெரிக்காவுல கிரேயோலா கம்பெனி ‘தோல்’னு அர்த்தம் வர்ற பேர்ல வித்துக்கிட்டிருந்த கலரை, 1962-லயே ‘பீச்’னு பேர் மாத்திடுச்சு. எமோஜிக்குக் கூட 2015-ல அஞ்சு தோல் நிறம் வந்தாச்சு. நம்ம கையில இருக்கிற பிரஷ் மட்டும் இன்னும் மாறலை. காலேஜ் போஸ்டர்ல எல்லாம் பாருங்க. காமெடியன் கறுப்பு, ஹீரோ சிவப்பு! நிஜத்துல வெயில்ல நின்ன நம்ம கிளாஸ் மொத்தமும் எந்தக் கலருன்னு நமக்குத் தெரியாதா?

மாஸ்டர் மாநிறம்னா மாநிறம். கறுப்புன்னா கறுப்பு. அதை அழகா வரையறதுக்கு டெக்னிக் இருக்கு. நிழலுக்குன்னு தோல் கலர்ல நேரடியா கறுப்பைக் கலக்காதீங்க. கரி பூசின மாதிரி செத்துப்போகும். நிழல்ல கொஞ்சம் சிவப்பு, ஊதா பக்கம் போங்க. வெளிச்சம் படுற இடத்துல ஆரஞ்சுப் பக்கம் வாங்க. அப்புறம் ஒரு போனஸ். கறுத்த தோல்ல நெத்தி, மூக்கு நுனி, கன்னத்து மேட்டுல விழுற பளபளப்பு ரொம்ப எடுப்பா தெரியும். பாய்லர் பக்கத்துல நிக்கிற மனுஷனோட வேர்வையில அந்த மினுமினுப்பு இருந்தா, படம் எழுந்து நிக்கும்!

தன் படத்தைப் பார்க்கிறவருக்கு ‘இது நான்தான்’னு தோணணும். ‘இது நான் வெள்ளையா இருந்திருந்தா’ன்னு தோணக் கூடாது.

ஸ்டேஜ் 7: நிழலும் வெளிச்சமும்

வெளிச்சம் எங்கேயிருந்து வருதுன்னு ஓரத்துல ஒரு அம்புக்குறி போட்டு வெச்சுக்குங்க. மூக்கு நிழல் இடப்பக்கம், கை நிழல் வலப்பக்கம்னு விழுந்தா, மாஸ்டருக்கு ரெண்டு சூரியன்!

தோல் லேயருக்கு மேலே புது லேயர் போட்டு, அதைக் கீழ் லேயரோட எல்லைக்குள்ளேயே அடக்கிடுங்க. பல சாஃப்ட்வேர்ல இது கிளிப்பிங் மாஸ்க். கிரிட்டாவுல ரெண்டு லேயரையும் ஒரே குரூப்ல போட்டு, மேல் லேயருக்கு ‘இன்ஹெரிட் ஆல்ஃபா’ கொடுக்கணும். எவ்வளவு தீட்டினாலும் கலர் வெளியே வழியாது. லேயர் மோடை ‘மல்டிப்ளை’ன்னு வைங்க. பேர்லயே பதில் இருக்கு. கலர் மதிப்பை 0-விலிருந்து 1 வரைக்கும் வெச்சுக்கிட்டு, கீழ் லேயரையும் மேல் லேயரையும் அது பெருக்குது. 0.8-ஐ 0.5-ஆல பெருக்கினா 0.4. ஒண்ணுக்குக் குறைவான எண்ணால பெருக்கினா மதிப்பு குறையத்தானே செய்யும்? அதனாலதான் மல்டிப்ளை எப்பவுமே கருமையாக்கும். வெள்ளை மட்டும் 1, அதனால எதையும் மாத்தாது. கணக்கு வாத்தியாருக்கு நன்றி சொல்லிடுங்க!

நாலு கலர்னு முதல் நாளே முடிவெடுத்தோமே, அது இங்கே உதவும். புகை மாதிரி கரையற ஷேடிங்கை ஸ்கிரீன் பிரின்ட்ல கொண்டுவரணும்னா அதைக் குட்டிக் குட்டிப் புள்ளிகளா உடைக்கணும். தோலுக்கு ஒரு கலர், நிழலுக்கு ஒரு கலர்னு கத்தியால வெட்டின மாதிரி ரெண்டே படியா ஷேட் பண்ணினா அச்சுல சுத்தமா வரும். பார்க்கவும் காமிக்ஸ் மாதிரி கெத்து.

முடிச்சதும் படத்தை ஒரு தடவை கறுப்பு வெள்ளை ஆக்கிப் பாருங்க. முகம், துண்டு, சட்டை மூணும் ஒரே சாம்பலா கலந்து தெரிஞ்சா, கலர் வேற வேற இருந்தாலும் அடர்த்தி ஒண்ணுன்னு அர்த்தம். ஒண்ணை லைட்டாக்குங்க, ஒண்ணை டார்க்காக்குங்க.

ஸ்டேஜ் 8: அச்சுக்குப் போகலாம்

மானிட்டர் வெளிச்சத்தால கலர் காட்டுது. அச்சு மையால காட்டுது. அதனால ஸ்கிரீன்ல மின்னுற பளிச் பச்சையும் நீலமும் பேப்பர்ல கொஞ்சம் மங்கும். மொத்தமா அடிக்கிறதுக்கு முன்னாடி ஒரே ஒரு சாம்பிள் கேட்டு வாங்கிடுங்க. பின்னணி இல்லாத படம்னா பி.என்.ஜி. ஃபைலா கொடுங்க. ஜேபெக்ல டிரான்ஸ்பரன்ஸி நிக்காது, மாஸ்டரைச் சுத்தி ஒரு வெள்ளைப் பெட்டி வந்துடும். லேயரோட இருக்கிற ஒரிஜினல் ஃபைலைப் பென் டிரைவ்ல ஒரு காப்பி, ஆன்லைன்ல ஒரு காப்பி போட்டு வைங்க.

‘ஏ.ஐ.கிட்ட கேட்டா பத்து செகண்ட்ல தருமே?’

தரும். இந்தக் கேள்வியைக் கேக்காத ஹாஸ்டல் ரூமே கிடையாது. ஆனா அது தர்றது ஏதோ ஒரு டீ மாஸ்டர். உங்க கேன்டீன் மாஸ்டர் இல்லை. துவைச்ச துண்டு பத்தி அதுகிட்ட யாரும் சொல்லலை. ‘கையை இன்னும் கொஞ்சம் தூக்குப்பா’ன்னு ஹெச்.ஓ.டி. சொன்னா, சில நேரம் முழுப் படமே மாறி வேற ஆள் வந்து நிப்பார். உங்ககிட்ட லேயர் இருந்தா, கை மட்டும்தான் மாறும்.

உரிமைப் பிரச்னையும் இருக்கு. ‘ஸார்யா ஆஃப் த டான்’ங்கிற காமிக்ஸுக்கான படங்கள் மிட்ஜர்னியில உருவானவை. 2023 பிப்ரவரியில அமெரிக்க காப்பிரைட் அலுவலகம், கதை எழுத்துக்கும் படங்களை அடுக்கின விதத்துக்கும் உரிமை உண்டு, அந்தத் தனித்தனிப் படங்களுக்குக் கிடையாதுன்னு முடிவு பண்ணுச்சு. அது அந்த ஊர்ச் சட்டம்தான். ஆனா ‘இது என் படம்’னு நாளைக்கு ஒரு இன்டர்வியூல சொல்லணும்னா, தீப்பெட்டி சைஸ் கிறுக்கல்லேருந்து கடைசி லேயர் வரைக்கும் எடுத்துக் காட்ட உங்ககிட்ட ஏதாவது இருக்கணும். அந்தக் கிறுக்கல்கள்தான் உங்க சாட்சி. குப்பையில போட்டுடாதீங்க!

நாலு நாள் பிளான்

முதல் நாள்: அஞ்சு வரி, கேன்டீன் விசிட், பன்னிரண்டு தம்ப்நெயில். ரெண்டாவது நாள்: ரஃப் ஸ்கெட்ச், நாலு பேர்கிட்ட காட்டித் திருத்தம். மூணாவது நாள்: கோடு, ஃப்ளாட் கலர். நாலாவது நாள்: நிழல், சாம்பிள் பிரின்ட். நல்லா கவனிங்க, முதல் ரெண்டு நாளும் கலரே கிடையாது. கை துறுதுறுங்கும். பொறுத்துக்குங்க.

இன்னிக்கு சாயங்காலமே ஆரம்பிக்கலாம். ஒரு பழைய நோட்டோட பின் அட்டை, ஒரு கறுப்புப் பேனா போதும். போஸ் போட்டு, உள்ளே முழுக்கக் கறுப்பாக்கி, கேன்டீன் டேபிள்ல வெச்சுட்டு சும்மா உக்காருங்க. டீ வாங்க வர்ற யாராவது குனிஞ்சு பார்த்து, ‘அட, நம்ம அண்ணன்!’னு சொல்றாங்களா?

சொல்லிட்டாங்கன்னா, நீங்க கலர் டப்பாவைத் திறக்கலாம்!